கோட் சூட்டைத் தண்ணீரில் போடலாம், பயப்படாதீர்கள்

டெல்லியில் ஹோலி முடிந்த கையோடு ரஜாய், ஸ்வெட்டர், சால்வை எல்லாம் துவைத்துக் காயவைத்துப் பெட்டிக்குள் போகும். கோட் சூட் மட்டும் நேராக டிரை கிளீனிங் கடைக்குப் போகும். தண்ணீர் பட்டாலே கெட்டுவிடும் என்று நாமெல்லாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் மூன்று குளிர்காலம் ஒரே கோட்டைக் கடைக்குக் கொடுத்து வாங்கினேன். ஒவ்வொரு முறையும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடையோடு வந்தது, மார்பில் மடிந்து விழும் காலரான லேப்பலைத் தட்டையாக அழுத்தி மினுமினுக்க வைத்திருந்தார்கள், ஆனால் அக்குள் பக்கத்து லைனிங்கில் படிந்த வெள்ளைக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குக் காரணம் இருக்கிறது. டிரை கிளீனிங் என்றால் ஈரமில்லாத சலவை இல்லை, தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பானில் முக்கி எடுக்கிறார்கள். எண்ணெய், கிரீஸ் கறைக்கு அது நல்ல மருந்து. வேர்வை உப்போ தண்ணீரில்தான் கரையும். வேர்வை வாடை போகவில்லை என்று திரும்பத் திரும்பக் கடைக்குக் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. உலகம் முழுக்க இதற்கு அதிகம் பயன்பட்ட கரைப்பானான பெர்க்ளோரோஎத்திலீனை, உடலுக்குக் கேடு என்பதால், டிரை கிளீனிங்கில் 10 ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் விதி போட்டது, இதையும் மனதில் வையுங்கள்.

முதலில் எதைத் துவைக்கலாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்யாண ரிசப்ஷனுக்கென்று நம்மில் பலர் தைப்பது பாலியஸ்டர் கலந்த பாலி விஸ்கோஸ் அல்லது டெரிவூல், இது சாதுவான துணி. சுத்தக் கம்பளி என்றால் துவைக்கலாம், கவனம் வேண்டும். வெல்வெட், ராசில்க், ஜரிகை வேலை செய்த ஷெர்வானி, மூடிய கழுத்துக் கோட்டான பந்த்கலா எதையும் தொடாதீர்கள். லேபிளில் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் அதையும் விடுங்கள்.

அடுத்து கோட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பொத்தானுக்குக் கீழே முன்பக்கத் துணியை இரண்டு விரலால் கிள்ளி, வெளித்துணியையும் உள்துணியையும் பிரித்து இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் அது கோட்டின் வடிவத்துக்காக உள்ளே வைத்துத் தைத்த கான்வாஸ் துணி. அதை முக்கினால் உள்ளே ஒரு அளவும் வெளியே ஒரு அளவுமாகச் சுருங்கலாம், ஆகவே ஈரத்துணியால் லைனிங்கை மட்டும் துடைத்தால் போதும். ஒன்றும் நழுவாமல் வெளித்துணி மட்டும் தடித்து விறைப்பாக இருந்தால் அது பசை வைத்து ஒட்டிய பக்ரம் என்ற விறைப்புத் துணி. குளிர்ந்த தண்ணீரைப் பெரும்பாலும் தாங்கும், சூட்டைத் தாங்காது. பசை விட்டு மார்பில் கொப்புளம் மாதிரி எழும்பினால் டெய்லராலும் சரிசெய்வது கஷ்டம். ஏற்கெனவே எங்காவது லேசாக எழும்பியிருந்தால் அந்தக் கோட்டை முக்கவே வேண்டாம்.

சாயம் போகுமா என்பதற்கு, உள்தையல் ஓரத்தில் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். துவைக்கும் முன் கை நீளத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்வதும் நல்லது, காயவைக்கும்போது அதே அளவுக்கு இழுத்துவிடலாம்.

கம்பளி இழை நம் தலைமுடி மாதிரி, மேலே செதில் இருக்கும். சூடும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். தண்ணீர் மட்டும் இதைச் செய்வதில்லை. சாதா சோப்புத்தூளில் காரம் அதிகம், பலவற்றில் புரதக் கறையைத் தின்னும் என்சைமும் இருக்கும், கம்பளியே ஒரு புரதம்தான். ஆகவே ஈஸி மாதிரி கம்பளிக்கான திரவம், இல்லையென்றால் பூந்திக்கொட்டை. இங்கே கடையில் ரீத்தா என்று கேளுங்கள். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை இரவு ஊறவைத்து, பிசைந்து, இரண்டு முறை வடிகட்டினால் நுரை தயார்.

தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஜனவரியில் கை விறைக்கிறதே என்று கீசரைப் போடாதீர்கள், மே மாதம் வரை தள்ளியும் போடாதீர்கள், அப்போது மொட்டைமாடி டேங்க் தண்ணீரே குழாயில் கொதித்து வரும். மார்ச்தான் சரியான நேரம்.

பாக்கெட்டைக் காலி செய்து, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். அக்குளிலும் காலர் மடிப்பிலும் நுரையை விரலால் ஒற்றி ஐந்து நிமிடம் விடுங்கள், அப்புறம் அகலமான டப்பில் முக்குங்கள். பத்து நிமிடம் போதும். கசக்காதீர்கள், உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். என் கோட்டை முதல் முறை இப்படி அமுக்கியபோது அக்குளிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கியது, மூன்று வருடமாகக் கடைக்குப் போய்வந்த கோட் அது. தூக்கும்போது காலரைப் பிடித்துத் தூக்காமல் குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையாலும் அடியிலிருந்து ஏந்துங்கள், ஈரக் கனத்தில் தோள் தொங்கிவிடும். நுரை போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். போர் தண்ணீர் வரும் வீடு என்றால் கடைசித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர்.

பிழியவே கூடாது. பெரிய துண்டில் கோட்டை விரித்து, பாய் மாதிரி சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அழுத்துங்கள். துண்டை மாற்றி இன்னொரு முறை. பிறகு தோள் அகலமான மர ஹேங்கரில் நிழலில், காற்றோட்டமாக. லேப்பலையும் பாக்கெட் மூடியையும் கையால் நீவி, தோளுக்குள் இருக்கும் திண்டை (பேட்) உள்ளிருந்து தட்டி நேர்செய்யுங்கள். பேட் உள்ளே காய இரண்டு நாள் ஆகும், வெளியே காய்ந்ததை நம்பி எடுத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பேன்ட்டுக்கும் இதே முறைதான், பயம் குறைவு. சாம்பார் கொட்டிய கறை இருந்தால் முதலில் முகப்பவுடர் தூவி எண்ணெயை இழுக்க விட்டு, பிறகு துவையுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளை அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் படவைத்தால் மங்கும். குளோரின் பிளீச் கம்பளியைத் தின்றுவிடும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கோட்டைத் தெருமுனை பிரஸ்வாலாவிடம் கொடுக்காதீர்கள், கரிப்பெட்டியின் சூட்டைக் குறைக்க வழியில்லை. வீட்டிலேயே மேலே ஈரமான காட்டன் துணி போட்டு, பெட்டியை வைத்து, எடுத்து, நகர்த்தி வையுங்கள், தேய்த்து இழுத்தால் பளபளப்பு ஏறும். லேப்பல் மடிப்பை மட்டும் அழுத்தாமல் விடுங்கள், அது உருண்டு விழுந்தால்தான் அழகு.

பூச்சி அரிப்பது பெரும்பாலும் வேர்வையும் உணவும் படிந்த இடத்தைத்தான், ஆகவே துவைக்காத கோட்டை உள்ளே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய காட்டன் வேட்டியால் போர்த்தித் தொங்கவிடுங்கள். அந்துருண்டையைத் துணியில் படாமல் பொட்டலமாகக் கட்டி மேலே மாட்டுங்கள், அதன் ஆவி காற்றை விடக் கனம், கீழ்நோக்கித்தான் இறங்கும்.