சப் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்

வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் மாதம் 1ஆம் தேதி குடியிருப்பவரின் மின்சாரத்தைத் தனியாக அளக்கும் சப் மீட்டரைப் போட்டோ எடுத்து, அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கீழே ஒரே வரி: "இப்போது 1482, போன மாதம் 1406, 76 யூனிட்." அப்புறம் தொகை. அவ்வளவுதான்.

போன மாதப் போட்டோ அதே சாட்டில் மேலேயே இருப்பதால் "எப்படி இவ்வளவு வந்தது?" என்ற பேச்சே எழாது. ஓசூர்ப் பக்கம் இது இன்னும் உதவும். சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவரைக் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டி எழுப்ப வேண்டாம் (எழுப்பினால் பாதிச் சண்டை அங்கேயே தொடங்கிவிடும்). தமிழ் தெரியாத வெளிமாநிலத்தவருக்கும் மீட்டர் எண் புரியும்.

குடியிருப்பவருக்குத் தனி ஈபி இணைப்பு இருந்தால் இது தேவையில்லை. ஈபியில் அவருடைய மொபைல் எண்ணைப் பதிந்துவிட்டால் பில் விவரம் அவருக்கே வரும். வாடகையை உயர்த்துவது, காலி செய்யச் சொல்வது போன்றவற்றுக்கு வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம். அதற்குக் கையெழுத்திட்ட கடிதம்தான் சரி.