பிரீமியரில் வெட்டிய கூத்தை டாவின்சிக்குக் கொண்டுபோவது எப்படி?

விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தொன்றை (மட்டக்களப்பின் மரபுக் கூத்து வகை) இரண்டு கமராவில் எடுத்து, கல்லடியில் என் வீட்டில் பிரீமியர் புரோ என்ற வீடியோ வெட்டும் மென்பொருளில் வெட்டினேன். நிறம் திருத்துபவர் கல்முனை நண்பர். அவரிடம் இருப்பது டாவின்சி ரிசால்வ் என்ற நிறம் திருத்தும் மென்பொருள். முதல் தடவை எக்ஸ்.எம்.எல் கோப்பை மட்டும் அனுப்பினேன். அவருடைய திரை முழுக்கச் சிவப்பு, ‘மீடியா ஓஃப்லைன்’, அதாவது வீடியோவைக் காணவில்லை என்ற செய்தி.

எக்ஸ்.எம்.எல்லுக்குள் வீடியோ கிடையாது. எந்தக் கிளிப், எங்கிருந்து எதுவரை, எந்தத் தடத்தில் என்ற குறிப்புத்தான் இருக்கும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கையில் ஏடு இருந்தாலும் கூத்தர் வந்தால்தானே களரி!

1. பிரீமியரில் சீக்வென்ஸை (வெட்டி அடுக்கிய டைம்லைனை) ஒரு பிரதி எடுத்து, அதில் மட்டும் கைவையுங்கள். மல்டி கமராவில் வெட்டியிருந்தால் கிளிப்புகளைத் தெரிவுசெய்து, வலது கிளிக்கில் மல்டி கமரா, ஃபிளாட்டன் கொடுங்கள்; ஒவ்வொரு துண்டும் அதன் மூலக் கிளிப்பாக மாறும். திரையில் வரும் எழுத்துகளை நீக்கிவிடுங்கள், கடைசியில் போடலாம். வெட்டு, சாதாரண டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருவது), அளவு, இடம் ஆகியவை பெரும்பாலும் அப்படியே போய்ச் சேரும். பிரீமியரின் லூமெட்ரியில் திருத்திய நிறம், கமரா நடுக்கத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் இரண்டும் போகாது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்த இடங்களைத் தனியே குறித்துவையுங்கள், அங்கே குழம்ப வாய்ப்பு அதிகம்.

2. முழு டைம்லைனையும் எச்.264 வீடியோவாக எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இது கட்டாயம் வேண்டும்.

3. ஃபைல், எக்ஸ்போர்ட், ஃபைனல் கட் புரோ எக்ஸ்.எம்.எல். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், ரிசால்வ் இதை வாசிக்கும். இ.டி.எல் என்ற பழைய வெட்டுப் பட்டியல் வடிவில் எடுக்காதீர்கள், அதில் ஒரேயொரு வீடியோ தடம்தான்.

4. மூல வீடியோக்கள், எக்ஸ்.எம்.எல், ஒப்பீட்டு வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். கோப்புகளின் பெயரை மாற்றவே வேண்டாம்.

5. சரி, இனி ரிசால்வ். புதிய புரொஜெக்ட் திறந்ததும் முதல் வேலை, செட்டிங்ஸில் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) உங்கள் சீக்வென்ஸுக்குச் சமமாக வைப்பது. நாங்கள் எடுத்தது 25. வீடியோ உள்ளே வந்துவிட்டால் புரொஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. அப்புறம் ஃபைல், இம்போர்ட், டைம்லைன். கிளிப்புகளைத் தானாகவே மீடியா பூலுக்குள் (ரிசால்வின் கிளிப் சேமிப்பிடம்) எடுக்கும் தெரிவு சரி போட்டபடி இருக்கட்டும். கிளிப்புகள் எங்கே என்று கேட்டால் ஹார்ட் டிஸ்க்கிலுள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள்.

6. ஒப்பீட்டு வீடியோவை மேல் தடத்தில் வைத்து, ஒபாசிட்டியை 50 ஆக்கி (பாதி ஊடுதெரியும்படி) ஓடவிடுங்கள். ஆட்டக்காரர் இரண்டாகத் தெரியும் இடத்தில் பிழை இருக்கிறது. எங்களுக்கு மத்தள அடியும் கால் மிதியும் சேருகிற இடங்கள்தான் நல்ல அடையாளம். கடைசி வெட்டு வரை பாருங்கள். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் ஃபிரேம் ரேட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புதிய புரொஜெக்ட் திறந்து 5ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.