மேல் சுடுகிற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

காலை 6.30 மணிக்குப் பிள்ளைக்கு மேல் சுடுகிறது. பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் வேன் வருவதற்குள் வேர்த்து, சூடு இறங்கி, பிள்ளை தெளிவாகிவிடும். அனுப்பியும் விடுவோம். ஆனால் அந்த மருந்து தாங்குவது 4 முதல் 6 மணி நேரம்தான். 11 மணிக்கு மேல் காய்ச்சல் மறுபடி ஏறும்போது பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்துக் கிடக்கும். அதற்குள் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் தொற்று போயிருக்கும். அதனால் அனுப்புவதா வேண்டாமா என்பதை மருந்து கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மருந்து குடித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போதே குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. இரண்டு மழையும் கிடைப்பதால் காய்ச்சல் காலமும் நமக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறது.

முந்தின இரவே பார்க்க வேண்டியவை

ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். முந்திரி ஆலைக்குப் போகிற அம்மாவுக்கும் காலையில் நின்று யோசிக்க நேரமில்லை. ஆகவே முக்கால்வாசி முடிவை இரவு 8 மணிக்கே எடுத்துவிட வேண்டும். பள்ளிவிட்டு வந்த பிள்ளை விளையாடப் போனதா, விளக்கு வைக்கும் முன்பே படுத்துவிட்டதா, ராச்சாப்பாட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தது என்று பாருங்கள். ராச்சாப்பாட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். காலையில் பசியில்லாமல் போனது வீட்டுக்குத் தெரியாமலே போய்விடும்.

காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குளில் வேர்வையைத் துடைத்து, முனை குழியின் ஆழத்தில் படும்படி வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, பீப் சத்தம் வரும் வரை அசையாமல் இருக்க வேண்டும். குளித்தவுடனோ, போர்வைக்குள்ளிருந்து எழுந்தவுடனோ வைத்தால் கணக்கு தப்பும். அரை மணி நேரம் விடுங்கள். உடம்பின் உள்சூட்டைவிட அக்குள் ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகக் காட்டும். மருத்துவர்கள் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வது 100.4 டிகிரி உள்சூட்டை. ஆகவே அக்குளில் 99.5க்கு மேல் காட்டினாலே அன்றைக்குப் பள்ளி வேண்டாம். 99க்கும் 99.5க்கும் இடையில் நின்றால் அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். ஏறுமுகமா, இறங்குமுகமா என்பது தெரியும்.

மருந்தின் அளவு

இங்கேதான் அதிகம் பிசகு நடக்கிறது. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. இரண்டு பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வேளைக்கு எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. 16 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 240 மில்லிகிராம். 120 சிரப் என்றால் 10 மில்லி. 250 சிரப் என்றால் நாலரை மில்லி போதும். பழைய 120 பாட்டில் தீர்ந்து, புதிதாக 250 வாங்கி, வழக்கம்போல 10 மில்லியே ஊற்றினால் இரட்டிப்பு அளவு உள்ளே போகும். ஒரே நாளில் இது திரும்பத் திரும்ப நடந்தால் ஈரல் கெடும். மாறாக 250க்குப் பதில் 120ஐ வாங்கி அதே நாலரை மில்லி கொடுத்தால் காய்ச்சல் இறங்காது. பதறிப்போய் இரண்டு மணி நேரத்தில் மறுபடி கொடுப்பார்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவு மூடியே சரி. இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மழைக்காலத்துக் காய்ச்சலில் இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அவை கூட்டும். 4 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கடையில் கேட்டு வாங்கும் சளி, இருமல் கலவை சிரப்பும் வேண்டாம்.

காய்ச்சல் விட்ட பிறகு எப்போது அனுப்புவது

மருந்து இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். செவ்வாய் மாலை 6 மணிக்குக் கடைசியாகச் சுட்டது என்றால் புதன் வீட்டில், வியாழன் பள்ளிக்கு. புதன் காலை சுடவில்லையே என்று அனுப்புவதில் அர்த்தமில்லை. பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் சாயங்காலம்தான் ஏறும்.

நம் மாவட்டத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கம் ரப்பர் தோட்டங்களை ஒட்டி வீடு இருந்தால் டெங்குவை மனதில் வைத்தே ஆக வேண்டும். பால் வெட்டாத மழை நாட்களில் மரத்தில் கட்டிய சிரட்டையிலும் கப்பிலும் தண்ணீர் தேங்கி, பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அதில் பெருகும். நகரத்தில் அதே வேலையை மொட்டை மாடித் தொட்டியும் பழைய டயரும் செய்கின்றன.

டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது. காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள். 3 முதல் 7ஆம் நாளுக்குள் சூடு குறையும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். வீட்டில் எல்லாரும் நிம்மதியாகி, பிள்ளைக்குச் சீருடை போடும் நாள் அதுதான். காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்தே கிடந்தால், விடாமல் வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், கை கால் சில்லிட்டால் பள்ளியை மறந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு மேல் நீளும் எந்தக் காய்ச்சலுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். முதல் 5 நாளுக்குள் என்.எஸ்.1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனை உதவும். டெங்கு உறுதியானால் சூடு விட்ட பிறகும் இரண்டு நாள் வீட்டில் கண்காணித்து, மருத்துவர் சொன்ன பிறகே அனுப்புங்கள்.

பிள்ளை வெள்ளத்திலோ வயல் தண்ணீரிலோ இறங்கியிருந்தால் எலிக்காய்ச்சல் இருக்கலாம். குளத்தில் முங்கிக் குளித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால், குளத்தில் குளித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பக்கத்துக் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வாந்தியும் வயிற்றுப்போக்கும்

கடைசி வாந்தியோ கடைசி இளகிய மலமோ போய் 48 மணி நேரம் ஆகட்டும். பள்ளிக் கழிப்பறையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைக்குச் சரியான பிறகும் கிருமி மலத்தில் இருக்கும். வேனில் போனதால் வந்த ஒற்றை வாந்தியும், இருமி இருமி வந்த வாந்தியும் இந்தக் கணக்கில் சேராது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று அச்சிட்டிருக்கும். 1 லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. 1 லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தட்டிக் கலக்குவதுதான் பல வீடுகளிலும் நடப்பது. உப்பு கூடினால் வயிற்றுப்போக்கு பெருகும், உடம்பிலும் உப்பு ஏறும். ஆறிய வெந்நீர் ஒரு லிட்டர் அளந்து, முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கி மூடி வையுங்கள். மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும். ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை, 6 மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம், 14 நாள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உப்பிட்ட கஞ்சித்தண்ணி கொடுக்கலாம். அட்டை டப்பாவில் விற்கும் பழ ரசம் இதற்கு ஈடில்லை. அதிலுள்ள சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். 8 மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றால் வீட்டு வைத்தியம் போதாது.

தோலில் தெரிகிறவை

சின்னம்மைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட நாளைப் பார்த்து அனுப்பாதீர்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், பெரும்பாலும் முதல் கொப்புளம் வந்து 5 முதல் 7 நாள். முதுகையும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். நீர் கோத்த ஒரு கொப்புளம் இருந்தாலும் இன்னும் பரவும். பள்ளிக்குத் தகவல் சொல்வதும் கட்டாயம். கர்ப்பிணி டீச்சர் இருந்தால் அவருக்கு அது ஆபத்து.

தட்டம்மைக்குத் தடிப்பு வந்ததிலிருந்து 4 நாள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள். அரசு கொடுக்கும் எம்.ஆர். ஊசி தட்டம்மையையும் ருபெல்லாவையும் தடுக்கும், பொன்னுக்கு வீங்கியைத் தடுக்காது. அந்த ஊசி போட்ட பிள்ளைக்கும் அது வரும். 2022இல் கொல்லம் பக்கம் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பானது கை, கால், வாய்க் கொப்புள நோய்தான். காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி எச்சில் ஒழுகுவது நின்று, கொப்புளங்கள் காய்ந்தால் அனுப்பலாம். மெட்ராஸ் ஐ என்றால் நீரும் பீளையும் நிற்கும் வரை. சிரங்குக்கு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை இரவு கழுத்துக்குக் கீழே முழுதும் பூசி, காலையில் கழுவி அனுப்பலாம். வீட்டில் எல்லாரும் அதே இரவில் பூசாவிட்டால் திரும்ப வரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூசுங்கள்.

பேனுக்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. காய்ச்சல் இல்லாத தடுமன், மூக்கொழுகல், விளையாட்டைக் கெடுக்காத இருமல் இவற்றுக்கும் வேண்டாம். சளி பச்சையாக வந்தாலும் பிள்ளை தெம்பாக இருந்தால் அனுப்பலாம். மூச்சு இழுத்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, 1 முதல் 5 வயதுக்குள் உள்ள பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சுவிட்டாலோ 108ஐ அழையுங்கள்.

காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

"எங்க வலிக்கு மக்களே, ஒரு விரலால தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். தொப்புளைக் காட்டி, குதிக்கச் சொன்னால் குதித்து, காய்ச்சலும் வாந்தியும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வலது அடிவயிற்றைக் காட்டி, குதிக்க மறுத்து, குனிந்தே நடந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடல்வால் அழற்சியாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வராத வலி பள்ளி நாளில் மட்டும் வருகிறதென்றால் பொய் என்று அடிக்காதீர்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கி வைக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் உண்மையிலேயே வலிக்கும். மூத்திரம் போகும்போது எரிகிறதா, வகுப்பில் யாராவது மிரட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளையை அனுப்பிவிட்டு, அன்றே டீச்சரிடம் பேசுவது நல்லது.

நிறுத்திய நாளில்

காரணத்தைச் சொல்லியே விடுப்புக் கேளுங்கள். "டீச்சர், பிள்ளைக்கு ராத்திரி மூணு தடவ வாந்தி, வெள்ளிக்கிழமைதான் அனுப்புவோம்" என்றால், வகுப்பில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று அவர் கவனிப்பார். அம்மா வேலைக்குப் போய், பாட்டியோ சித்தியோ பார்த்துக்கொண்டால் ஒரு தாளில் நேரம், காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து எத்தனை மில்லி என மூன்று கட்டம் போட்டு வையுங்கள். இரண்டு பேர் தெரியாமல் இரண்டு முறை கொடுப்பது அதனால் நிற்கும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளில் இருப்பதைத்தான். இரவில் சந்தேகம் வந்தால் 104 எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

திரும்ப அனுப்பும் காலையில் பிள்ளை பாதியாவது சாப்பிட வேண்டும், முற்றத்தில் தானாக ஓடியாட வேண்டும். பையில் பாராசிட்டமால் பாட்டிலை வைத்து டீச்சரைக் கொடுக்கச் சொல்லாதீர்கள்; மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு இன்னும் ஒரு நாள் வீடு வேண்டும். ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலர் மட்டும் விலக்கு. அதை ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குழாய்), எப்போது எத்தனை அழுத்து என்று எழுதி அனுப்புங்கள்.