13-ஐக் கொடுத்துப் பார்த்தீர்களா? சிஎஸ்இ படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் லேப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் செமஸ்டர். மடியில் சீனியருடைய ரெக்கார்ட் நோட்டின் ஜெராக்ஸ். கண்ணை மூடிக்கொண்டு ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) புரோகிராமை வரி வரியாக ஒப்பித்தான், செமிகோலன் உட்பட. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து ஒப்பித்தது அப்படியே கண் முன்னால் வந்தது, மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

வகுப்புக்குப் போ, அரியர் வைக்காதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

லேப் புரோகிராமை மனப்பாடம் செய்வது

செமஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு புரோகிராம், தேர்வன்று சீட்டு எடுத்தால் அதில் ஒன்று வரும், எல்லாவற்றையும் உருப்போட்டுவிட்டால் பாஸ். இதுதான் கணக்கு. எனக்குச் சீட்டில் வந்தது ஃபேக்டோரியல். எங்கள் லேபில் அப்போதும் டர்போ சி என்ற பழைய சி கம்பைலர், அந்த நீலத் திரை. 5 கொடுத்தேன், 120 வந்தது. ரெக்கார்டிலும் 5தான், 120தான். எக்ஸ்டர்னலாக வந்தவர் ஒன்றும் பேசாமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து 8 என்று அடித்தார். திரையில் -25216.

"எல்லாம் பெருக்கல்தானேம்மா, மைனஸ் எங்கிருந்து வந்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரு வரி தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடி -25216.

விஷயம் இதுதான். டர்போ சி-யில் இன்ட் (முழு எண்ணை வைக்கும் இடம்) என்பது 16 பிட், அதில் அதிகபட்சம் 32767 வரைதான் இடம். 8 ஃபேக்டோரியல் 40320. இடம் போதாமல் 65536 கழிந்து மைனஸில் போய் விழுகிறது. புரோகிராமில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, ஆனால் பதில் தப்பு. இதைத் தெரிந்துகொள்ள அந்தப் புரோகிராமே நல்ல வாய்ப்பு, நானோ 5-ஐத் தவிர வேறொரு எண்ணை அதுவரை கொடுத்துப் பார்த்ததே இல்லை.

தம்பியிடம் இருப்பது ஜிசிசி என்ற கம்பைலர், அதில் இன்ட் 32 பிட், 2147483647 வரை இடம். 13 கொடுக்கச் சொன்னேன். 1932053504 வந்தது. "சரியா வந்திருச்சுக்கா" என்றான். மைனஸ்கூட இல்லை, பார்க்க நியாயமான எண்ணாகவே இருக்கிறது, இதுதான் இன்னும் ஆபத்து. "நடுவில் 10-ஆல் பெருக்கியிருக்கிறாய், அப்புறம் எப்படி விடை 4-ல் முடியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு தாளை எடுத்து அவனாகவே பெருக்க ஆரம்பித்தான். சரியான விடை 6227020800.

இது ஏதோ முதலாண்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஜாவா லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சிலேயே (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை) இதே கோளாறு சுமார் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து நடு இடத்தைக் கண்டுபிடிக்கிறோம் இல்லையா, அரே (அந்தப் பட்டியல்) மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கூட்டல் 2147483647-ஐத் தாண்டி மைனஸ் ஆகிவிடும். அந்த லைப்ரரி நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-ல் அதை வெளிப்படையாக எழுதினார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் சரியாகிவிடும். ரெக்கார்ட் நோட்டில் பழைய மாதிரிதான் இருக்கும், அப்படியே எழுதினாலும் மார்க் விழும்.

மனப்பாடத்தால் எனக்குப் போனது அந்த ஒரு தேர்வு மட்டுமில்லை. டேட்டா ஸ்ட்ரக்சரையும் அப்படியே ஒப்பித்துத் தேறினேன். மூன்றாம் ஆண்டு முடிவில் பிளேஸ்மென்ட்டுக்கு வந்தவர்கள் லிங்க்டு லிஸ்ட்டில் (ஒவ்வொரு நோடும் அடுத்த நோடைக் காட்டும் பட்டியல்) கடைசியிலிருந்து மூன்றாவது நோடைக் கேட்டார்கள். சேர்ப்பது தெரியும், நீக்குவது தெரியும், இது நோட்டில் இல்லை. வெளியே வந்து அந்த லீவு முழுக்க சி-யை முதலிலிருந்து படித்தேன், பாயின்டர் (மெமரியில் ஓர் இடத்தைக் காட்டும் வேரியபிள்) என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டரை வருஷம் வீண்.

ஆகவே எந்தப் புரோகிராம் ஓடினாலும் உடனே மூடாதீர்கள். 0 கொடுங்கள், மைனஸ் கொடுங்கள், பெரிய எண் கொடுங்கள், காலியான லிஸ்ட் கொடுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு சுற்றிலும் எந்த வேரியபிளில் என்ன மதிப்பு என்று எழுதுங்கள். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை. அப்புறம் அதே புரோகிராமில் ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எர்ரரைப் படிக்காமல் பக்கத்து சீட்டைப் பார்ப்பது

தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு அந்த ஆங்கில வரிகளைப் பார்த்தாலே பயம். ஆனால் திரும்பத் திரும்ப வருவது முப்பது, நாற்பது வார்த்தைகள்தான், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருபது எர்ரர் வந்தால் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள், விட்டுப்போன ஒரே ஒரு அடைப்புக்குறிதான் மற்ற பத்தொன்பதையும் கொண்டுவந்திருக்கும். 8-ஆம் வரி என்று காட்டினால் 7-ஆம் வரியின் கடைசியையும் பாருங்கள், செமிகோலன் அங்கே விட்டுப்போயிருக்கலாம்.

டிஸ்கிரீட் மேத்ஸை பாஸ் மார்க்கோடு விடுவது

ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) புரியவில்லை என்பவர்களில் பலர் டிஸ்கிரீட் மேத்ஸில் வரும் இன்டக்ஷனைத் (முதலாவதற்குச் சரி, ஒன்றுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று நிறுவும் முறை) தாண்டிக் குதித்தவர்கள்.

செமஸ்டருக்கு ஒரு புரோகிராமிங் மொழி மாறுவது

வேண்டாம்.

ஃபைனல் இயர் புராஜெக்டை விலைக்கு வாங்குவது

வாங்காதீர்கள். தெருமுனை மளிகைக் கடைக்கு ஒரு பற்று வரவு புரோகிராம் எழுதினால்கூட இன்டர்வியூவில் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம்.