திறந்த வன்பொருள் திறன்பேசி: கணக்குத் தப்பும் இடங்கள்

யாரும் படித்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் இயங்கும் திறன்பேசிகளின் எதிர்காலத்தைக் கணிப்பவர்கள் முதலில் தடுமாறுவது ‘திறந்த’ என்ற சொல்லில்தான். மின்சுற்று வரைபடம் படிக்கக் கிடைப்பது பழுதுபார்ப்பவருக்குப் பேருதவி என்றாலும், அதை வைத்து மட்டும் ஒரு கருவியைத் திறந்த வன்பொருள் என்றுவிட முடியாது. வடிவமைப்புக் கோப்புகளைத் திருத்தவும், திருத்தியதைத் தயாரிக்கவும் உரிமம் இடம்தர வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு மோடத்தை மறந்துவிடுவது. கைபேசி வலையமைப்போடு பேசும் மோடம், திறன்பேசிக்குள் தனியாக இயங்கும் இன்னொரு கணினி. பைன்ஃபோன் என்ற கட்டற்ற மென்பொருள் திறன்பேசியின் மோடத்துக்குள்ளேயே லினக்ஸ் இயக்குதளம் ஒன்று ஓடுகிறது. அதைத் தன்னார்வலர்கள் கட்டற்ற வடிவில் மாற்றி எழுதிவிட்டார்கள் என்றாலும், அலைவரிசையைக் கையாளும் நிலைபொருள் (சில்லுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) இன்றும் மூடியதாகவே இருக்கிறது. ஆகவே, ‘முழுவதும் கட்டற்ற திறன்பேசி’ என்ற விளம்பரத்தைக் கண்டால் சற்று நிதானிப்பது நல்லது. மோடத்தைத் திறக்க முடியாத வடிவமைப்பாளர்கள் அதை ஒதுக்கிவைக்கும் வழியைத் தேர்ந்தார்கள்: முதன்மை நினைவகத்தை அது நேரடியாகத் தொட முடியாதபடி யுஎஸ்பி வழியாக இணைத்தார்கள். பைன்ஃபோனின் பின்மூடியைக் கழற்றினால் அரிசிமணி அளவில் ஆறு விசைகள் வரிசையாகத் தெரியும். ஊசிமுனையால் ஒன்றைத் தள்ளினால் மோடமும், இன்னொன்றைத் தள்ளினால் ஒலிவாங்கியும் அடங்கிவிடும்.

விலையையும் தடிமனையும் பார்த்து இவற்றைச் சாதாரணத் திறன்பேசிகளோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. 2017இல் கூட்டுநிதி திரட்டிய லிப்ரெம் 5 என்ற லினக்ஸ் திறன்பேசி, மோடம் தனியாகவும் வைஃபை தனியாகவும் அமைந்ததால்தான் தடித்தது. எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கும் நிறுவனங்கள் ஆவணங்களை வெளியே தருவதில்லை. லிப்ரெம் 5இன் முதல் கருவிகள் 2019இன் இறுதியில்தான் வெளிவந்தன, பணம் கட்டிய பலர் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். முன்பணம் கட்டுவதைக் கடையில் பொருள் வாங்குவதாக எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும்.

நியோ 1973 என்ற லினக்ஸ் திறன்பேசியை 2007இல் வெளியிட்ட ஓப்பன்மோக்கோ நிறுவனம் 2009இல் திறன்பேசிப் பணியைக் கைவிட்டதைக் காட்டி, இந்த முயற்சியே வீண் என்று முடிவுகட்டுவோரும் உண்டு. என் பார்வையில் அவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். புதிய கருவியை எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைவிட, ஒரு கருவியின் பாகங்களை இயக்கும் நிரல்களான இயக்கிகள், லினக்ஸின் மையப் பகுதியான முதன்மைக் கர்னலுக்குள் போய்ச் சேர்ந்தனவா என்பதே முக்கியம். சேர்ந்துவிட்டால், தயாரித்தவர் கைகழுவிய பிறகும் அந்தக் கருவி பிழைத்திருக்கும். 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயக்குதளம், திறன்பேசிக்குப் பத்தாண்டு ஆயுள் என்று பேச முடிவது இந்த நம்பிக்கையில்தான். மாறாக, உபுண்டு டச் என்ற இன்னொரு திறன்பேசி இயக்குதளம் பல கருவிகளில் ஆண்ட்ராய்டின் பழைய கர்னலையும் மூடிய இயக்கிகளையும் சார்ந்தே ஓடுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

கையிலிருக்கும் திறன்பேசியை உடனே ஓரங்கட்டுவதும் அவசரம்தான். வேடிராய்டு என்ற மென்பொருள், லினக்ஸ் திறன்பேசியில் ஆண்ட்ராய்டுச் செயலிகளை ஓட்டிக் காட்டும். ஆனால், கருவியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் வங்கிச் செயலிகள் அங்கே திறக்க மறுக்கலாம். அதோடு, 2ஜி, 3ஜி சேவைகள் மூடப்பட்ட வலையமைப்பில் வோல்ட்டி (4ஜி வழியாகக் குரல் அழைப்பு) இயங்காத கருவியால் ஒரு சாதாரண அழைப்பைக்கூடச் செய்ய முடியாது. வாங்குவதற்கு முன் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.