நகரும் ரோபோக்களைக் கொண்டு கம்பியில்லா வலையமைப்புச் சோதனைக்களம் அமைக்கும் முறை

கம்பியில்லா வலையமைப்பின் நெறிமுறைகளை (கருவிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் விதிகளை) கணினிப் பாவனையாக்கத்தில் மட்டும் சோதித்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளின் விளைவு முழுமையாகத் தெரியாது. மடிக்கணினியை ஏந்தி நடந்து அளந்தாலோ, அதே பாதையில் அதே வேகத்தில் மறுமுறை நடக்க இயலாது. ஒரே நகர்வைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவதால்தான் ரோபோ இங்கே தேவைப்படுகிறது.

1. இரு சக்கர இயக்கம் கொண்ட சிறிய ரோபோக்கள் இரண்டும், ஒவ்வொன்றின் மேலும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி ஒன்றும் தொடக்கத்திற்குப் போதும்.

2. ஒவ்வொரு ரோபோவிலும் இரண்டு வைஃபை அட்டைகளைப் பொருத்துங்கள். சோதனை 2.4 கிகாஹெர்ட்ஸில் நடந்தால், கட்டளைகளை 5 கிகாஹெர்ட்ஸில் அனுப்புங்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் சென்றால், நீங்கள் அளப்பதையே உங்கள் கட்டளைகள் மாற்றிவிடும்; சோதனை இணைப்பு அறுந்ததும் ரோபோவும் கட்டுப்பாட்டை மீறிவிடும். யுஎஸ்பி 3 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை எழுப்பக்கூடும் என்பதால், ஆன்டெனாவை அவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

3. ரோபோ இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியுங்கள். தொடங்குவோர் பெரும்பாலும் அலட்சியம் செய்வது இதைத்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 செ.மீ.; பல வழிகளில் வந்து சேரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் அழிப்பதும் அதில் பாதித் தொலைவுக்குள்ளேயே மாறிவிடுவதால், சில சென்டிமீட்டர் பிழைகூட வேறொரு சிக்னல் வலிமையைக் காட்டும். சக்கரச் சுழற்சியை எண்ணி இடத்தைக் கணித்தால் சறுக்கலின் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ரோபோவின் தலையில் ஏப்ரல்டேக் அடையாள அட்டையை (கேமரா எளிதில் இனங்காணும் கறுப்பு வெள்ளைக் கட்ட வடிவத்தை) ஒட்டி, கூரையில் பொருத்திய கேமரா வழியே இடத்தையும் திசையையும் கண்டறியுங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் மொபைல் எமுலாப் சோதனைக்களத்திலும் கூரைக் கேமராக்களே ரோபோக்களைப் பின்தொடர்ந்தன.

4. எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் குரோனி மென்பொருளால் ஒத்திசையுங்கள். இல்லாவிட்டால் இடப் பதிவும் சிக்னல் பதிவும் பொருந்தா.

5. அறை சிறியதென்றால் எல்லா ரோபோக்களும் ஒன்றையொன்று நேரடியாகவே கேட்டுவிடும். பல தாவல் வழித்தடம், அதாவது இடையிலுள்ள ரோபோக்கள் வழியே தரவு கைமாறிச் செல்லும் பாதை, உருவாகாது. அனுப்பும் திறனைக் குறைத்துப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் ஆன்டெனாவுக்கு முன் சிக்னலை வலுக்குறைக்கும் அட்டென்யூவேட்டரை இணையுங்கள்.

6. ரோபோக்களை முதலில் அசையாமல் நிறுத்தி, ஐபெர்ஃப்3 என்னும் அளவீட்டு மென்பொருள் கொண்டு தரவு வேகத்தையும், கூடவே சிக்னல் வலிமையையும் பதியுங்கள். மோட்டார் ஓடும்போதும் ஓடாதபோதும் அளந்து ஒப்பிட்டால், அதன் இரைச்சல் தனியே தெரியும். பின்னர் ஒரே பாதையில் பலமுறை ஓட்டுங்கள். ஒரே நெறிமுறையின் ஓட்டங்களுக்குள் காணும் வேறுபாடு, இரு நெறிமுறைகளுக்கு இடையிலான வேறுபாட்டளவுக்கு இருந்தால், எது சிறந்தது என்று இன்னும் முடிவு கட்டாதீர்கள், ஓட்டங்களைக் கூட்டுங்கள்.