மேக்கில் வழு கண்டால்: முதல்தரம் அறிக்கை எழுதுகிறவர்களுக்கு

வழு கண்ட உடனேயே அறிக்கை எழுத வெளிக்கிடாதேங்கோ. நிரல்களில் மாறியதை மட்டும் திரும்பத் தொகுத்துத் தரும் குனூ மேக் (GNU Make) என்ற கருவியை வைத்தே சொல்கிறேன். 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக்கின் வழி வந்த கருவி இது.

படி 1: பிழை மேக்கினுடையதுதானா?

2022 மின்வெட்டுக் காலம். யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்த பழைய கொம்பியூட்டரில் நிரலைத் திருத்தித் திருத்தி மேக் ஓட்டினேன். மாற்றம் ஒன்றும் இல்லை என்றே ஒவ்வொரு தரமும் சொன்னது. இரண்டு நாள் அலைந்த பிறகுதான் பிடிபட்டது: உள்ளே இருந்த சின்னப் பற்றரி செத்துப்போய், கரண்ட் போய்வரும்போதெல்லாம் மணிக்கூடு பழைய ஆண்டுக்குத் திரும்பியிருக்கு. மேக் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்காது, கடைசியாக மாற்றிய நேரத்தைத்தான் ஒப்பிடும். இன்று திருத்திய கோப்பு, முந்தித் தொகுத்ததைவிடப் பழசாகத் தெரிந்திருக்கு. அன்று அறிக்கை அனுப்பியிருந்தால் இன்னொருவருடைய நேரத்தையும் வீணாக்கியிருப்பேன்.

நாலு வேலையை ஒரேநேரத்தில் ஓட்டினால் மட்டும் உடைகிறதா? அநேகமாக உங்கள் மேக்ஃபைலில் (எதை எப்படிக் கட்டுவது என்று மேக்குக்குச் சொல்லும் கோப்பு) ஒரு சார்பு, அதாவது எதைக் கட்டமுன் எது இருக்கவேணும் என்ற குறிப்பு, விடுபட்டிருக்கும். 4.4 பதிப்பில் வந்த ‘ஷஃபிள்’ தெரிவு வேலைகளின் ஒழுங்கைக் குலைத்து ஓட்டி அதைக் காட்டித்தரும். ஓர் இலக்கு (மேக் கட்டித்தரவேண்டிய கோப்பு) ஏன் கட்டப்படுகிறது என்று ‘ட்ரேஸ்’ தெரிவு சொல்லும்.

படி 2: சுருக்குங்கோ

பாதி வேலை இதுதான். வெறும் கோப்புறையில் மேக்ஃபைலைப் பிரதி எடுத்து வைத்து, வரிவரியாகக் கழியுங்கோ. ஒரு வரியை எடுக்க வழு மறைந்தால் திருப்பிப் போட்டு அடுத்ததைக் கழியுங்கோ. ஐந்தாறு வரி மிஞ்சும்வரை விடாதேங்கோ, ஒரு பின்னேரம் முழுக்கப் போனாலும் பரவாயில்லை. முழுத் திட்டத்தையும் அனுப்பினால் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இராது.

படி 3: அறிக்கை

குனூ மேக்கின் வழுக்களைப் பதியும் சவான்னா தளத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கா என்று தேடுங்கோ. இல்லையென்றால் மேக்கின் பதிப்பு, இயங்குதளம், அந்த ஐந்தாறு வரி, நீங்கள் ரைப் பண்ணிய கட்டளை, எதிர்பார்த்தது, நடந்தது. திரையைப் படம் பிடிக்காமல் எழுத்தாகவே ஒட்டுங்கோ.

படி 4: திருத்தம்

மேக்கின் மூலநிரலை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) என்ற கருவி வழியாக இறக்கி, பூட்ஸ்ட்ராப், கன்ஃபிகர், மேக் என்ற கட்டளைகளை வரிசையாகக் கொடுத்துக் கட்டி, சோதனைகளை நடத்தும் ‘மேக் செக்’ ஓட்டுங்கோ. சுருக்கிய வரிகளை ‘டெஸ்ட்ஸ்’ கோப்புறையில் ஒரு சோதனையாக எழுதி, அது தோற்கிறதைக் கண்ணால் கண்ட பிறகே நிரலில் கை வையுங்கோ. பழைய பதிப்பில் சரியாக ஓடியதென்றால், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ இருக்கு: 1000 மாற்றங்களுக்குள் உடைத்த ஒன்றைப் பத்துத் தரத்தில் பிடிக்கலாம்.

திருத்தம் ஏறக்குறைய 15 வரியைத் தாண்டினால் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுத்தில் ஒப்படைக்கக் கேட்பினம். அதுக்கு நாள் எடுக்கும், வேலையைத் தொடங்கும்போதே விசாரித்து வையுங்கோ.